எஞ்சிய ஒளி

ஒளி என்ற மாத்திரத்தில் நம் மனக்கண்முன் தோன்றுவன ஞாயிறும், திங்களும், விளக்கும், வானவில்லின் வண்ணங்களுமேயாம். கண் காண்பதே ஒளி எனக் கொள்வது மாந்தர்க்கு இயல்பு. ஆயினும், ஒளியின் பெருங்குடும்பத்தில் நம் கண்ணுக்குப் புலனாவது ஒரு சிறு கிளையே. ஏனைய கிளைகள் நம்மைச் சூழ்ந்திருந்தும் நாம் அவற்றை அறியாதவராய் நடமாடுகின்றோம். அவற்றுள் நெடுங்காலம் பெயரும் பெறாது கிடந்த ஒரு கிளையைப் பற்றியும், அதனோடு யாம் கழித்த சில ஆண்டுகளைப் பற்றியும் எழுதுமாறு இம்மலரின் ஆசிரியர் கேட்டுக்கொண்டனர். இக்கல்லூரியின் பௌதிகச் சோதனைச் சாலையிலேதான் யாம் முதன்முதலாக முப்பட்டைக் கண்ணாடியைக் கையில் ஏந்தினோம். ஆதலின், அவ்வேண்டுகோளை மறுக்க எமக்கு மனம் வரவில்லை.

அக்கிளைக்கு இப்பொழுது டெராஹெர்ட்ஸ் கதிர் என்று பெயர். வினாடிக்கு ஒரு முறை அதிர்வது ஒரு ஹெர்ட்ஸ். டெரா என்னும் முன்னொட்டு லட்சம் கோடியைக் குறிக்கும். எனவே, வினாடிக்கு லட்சம் கோடி முறை அதிரும் அலை ஒரு டெராஹெர்ட்ஸ் அலையாகும். அதன் நீளம் 0.3 மில்லிமீட்டர். 0.1 முதல் 10 டெராஹெர்ட்ஸ் வரையுள்ள பரப்பை இப்பெயரால் வழங்குவர். இதன் ஒரு புறத்தே வானொலியையும் தொலைபேசியையும் சுமந்து செல்லும் நெடிய அலைகள் உள. மறுபுறத்தே அடுப்பின் வெம்மையாக நம்மைத் தாக்கும் அகச்சிவப்புக் கதிரும், அதற்கப்பால் கண்ணுக்குரிய ஒளியும் உள. நெடிய அலைகளை மின்சுற்றுக்களால் உண்டாக்கலாம்; ஒளியை விளக்குகளால் உண்டாக்கலாம். இடையிலுள்ள இந்நிலத்திலோ மின்சுற்று விரைந்து அதிர மாட்டாது களைத்துவிடும். விளக்கு மிக மங்கிய கதிரையே தரும். ஆதலின், இரு வயற்காரரும் உழாது விட்ட வரப்பைப்போல இது கிடந்தது. டெராஹெர்ட்ஸ் இடைவெளி என்றே அறிஞர் இதனை அழைத்து வந்தனர்.

இக்கதிர் எங்கும் இல்லாததன்று. இம்மலரைப் பிடித்திருக்கும் கையும், அமர்ந்திருக்கும் பலகையும், எதிரே நிற்கும் சுவரும் ஓயாது இதனை வீசிக்கொண்டேயிருக்கின்றன. வீசுவது மிகச் சிறிது. அதுவும் எல்லாத் திசைகளினின்றும் ஒருங்கே வருவது. சந்தை இரைச்சலின் நடுவே ஒருவர் மெல்லப் பேசுவதைக் கேட்டறிவது எத்துணை அரிதோ, அத்துணை அரிது இக்கதிரைப் பிரித்தறிவதும். இதனை நாடிச் சென்றவர் யாவரும், பிறர் ஒன்றுமில்லையென்று விட்ட இடத்தில் எஞ்சியிருந்த சிறிதைப் பொருட்படுத்தியவரேயாவர். அவருள் சிலரை முதலில் நினைவுகூர்ந்து, பின்னர் எம் கதைக்கு வருவோம்.

1800-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர் ஞாயிற்றின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் வண்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்திலும் ஒரு வெப்பமானியை வைத்தார். அவ்விருட்டிலே வெப்பம் மிகுந்தது. கண்ணுக்குத் தோன்றாத கதிர் உண்டென்பதை உலகம் அவ்வாறு அறிந்தது.

நம் நாட்டிலே, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த ஜகதீச சந்திர போஸ் இவ்விடைவெளியை மறுபுறமிருந்து அணுகினார். ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் உண்டாக்கிய மின்காந்த அலைகள் நீளத்தால் பெரியன. போஸ் அவற்றைச் சுருக்கி, 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளை உண்டாக்கினார். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவ்வலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி, மணியை ஒலிப்பித்தும் வெடிமருந்தைக் கொளுத்தியும் காட்டினார். 1897 ஜனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை விளக்கினார். அவர்தம் கருவிகளுள் எம்மை மிகவும் கவர்ந்தது ஒன்றுண்டு. அலையின் அதிர்வை ஒரே தளத்தில் நிறுத்துவதற்கு அவர் பிராட்ஷா என்னும் இரயில்வே காலஅட்டவணைப் புத்தகத்தை எடுத்து, அதன் தாள்களுக்கிடையே ஈயத்தகடு போன்ற மெல்லிய வெள்ளீயத் தாள்களைச் செருகி வைத்தார். முறுக்கிய சணல் நாரைக்கொண்டு அத்தளத்தைத் திருப்பியும் காட்டினார். கருவி இல்லையே என்று வருந்தும் மாணாக்கர்க்கு, பழைய புத்தகமும் சணலும் கருவியாயின என்பது நல்லதொரு செய்தியாம்.

இனி, 1900-ஆம் ஆண்டின் பெர்லின் நகருக்குச் செல்வோம். அங்கே ஹைன்ரிச் ரூபன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் நெடிய வெப்பக் கதிர்களைப் பிரித்தெடுக்கும் ஒரு முறையை வகுத்திருந்தார். சூடான பொருளினின்று வரும் கதிரில் எல்லா நீளங்களும் கலந்துள்ளன. அதனை ஒரு கல்லுப்புப் பளிங்கின்மீது விழச் செய்தால், சுமார் 0.05 மில்லிமீட்டர் நீளமுள்ள அலையை மட்டும் அப்பளிங்கு நன்கு திருப்பியனுப்பும். ஏனையவற்றைப் பெரும்பாலும் உள்ளே போகவிடும். மீண்டும் மீண்டும் இவ்வாறு பல பளிங்குகளின்மீது படச் செய்தால், ஈற்றில் நிற்பது அவ்வொரு நீளமே. இதற்கு அவர்கள் இட்ட பெயர், தமிழிற் சொல்லப்புகின், எச்சக் கதிர் என்பதாம். அது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 6 டெராஹெர்ட்ஸ்.

ரூபன்சும் அவர்தம் நண்பர் குர்ல்பௌமும் இவ்வெச்சக் கதிரைத் திரவக் காற்றின் குளிர் தொடங்கி 1500 பாகை வெப்பம் வரை அளந்தனர். அந்நாளில் வழங்கிய வீன் என்பாரின் சூத்திரம் குறுகிய அலைகளுக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. இந்நெடிய அலைகளுக்கோ பொருந்தவில்லை. 1900 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. ரூபன்ஸ் தம் மனைவியாருடன் மாக்ஸ் பிளாங்க் இல்லத்துக்கு விருந்தினராகச் சென்றபோது, அலை நெடிதாயின் கதிரின் வலிமை வெப்பநிலையோடு நேராகவே வளர்கின்றது என்று தாம் கண்டதைக் கூறினார். அன்று மாலையே பிளாங்க் ஒரு புதிய சூத்திரத்தை அமைத்து, ஒரு தபாலட்டையில் எழுதி ரூபன்சுக்கு அனுப்பினார். அக்டோபர் 19 அன்று அதனை அவையிலே வெளியிட்டார். அச்சூத்திரம் ஏன் பொருந்துகின்றது என்று ஆராய்ந்த பிளாங்க், ஆற்றல் தொடர்ச்சியாகவன்றிச் சிறு சிறு பொட்டலங்களாகவே கைமாறுகின்றது என்னும் முடிவுக்கு வர நேர்ந்தது. டிசம்பர் 14 அன்று அதனையும் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் குவாண்டம் கொள்கை அவ்வாறு பிறந்தது. வீன் சூத்திரம் பெரும்பாலும் பொருந்துகின்றதே, கடைக்கோடியில் எஞ்சும் சிறு பிணக்கு யாது செய்யும் என்று ரூபன்ஸ் விட்டிருந்தால், பிளாங்குக்கு அன்று விருந்தினர் கொணரும் செய்தியொன்றும் இருந்திராது.

மூன்றாவது செய்தியும் கல்கத்தாவிலிருந்தே வருவது. ஆயின் அதில் தமிழ்நாட்டார் பலர்க்குப் பங்குண்டு. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் அங்கே இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஒளிச்சிதறலை ஆராய்ந்து வந்தார். 1923-இல் அவருடன் பணியாற்றிய கே. ஆர். இராமநாதன், திரவங்களிற் சிதறும் ஒளியில் நிறம் மாறியதொரு மெல்லிய பகுதி இருப்பதைக் கண்டார். திரவத்தில் அழுக்கிருத்தல் கூடும் என்றெண்ணி, அதனைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்தனர். தூய்மை செய்தும் அப்பகுதி நீங்கவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1928-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கே. எஸ். கிருஷ்ணனும் இராமனும் அதனை மீண்டும் ஆராய்ந்து, அது அழுக்கன்று, ஒளியும் மூலக்கூறும் ஆற்றலைப் பரிமாறிக்கொள்வதன் அடையாளம் என்று நிலைநாட்டினர். பிப்ரவரி 28 அன்று அது இராமன் விளைவாக உருப்பெற்றது. கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றவர் என்பதை மிஷன் கல்லூரி மாணாக்கராகிய நாம் பெருமையோடு நினைக்கலாம்.

இவ்வளவும் லேசர் தோன்றுவதற்கு முன்னைய காலம். 1960 மே 16 அன்று, கலிபோர்னியாவில் மாலிபு என்னுமிடத்தில், தியோடர் மைமன் ஒரு சிறு கெம்புக் கோலைச் சுருள்விளக்கின் மின்னலால் தூண்டி முதல் லேசர் ஒளியைப் பெற்றார். சாதாரண விளக்கொளி, திருவிழாக் கூட்டம் கலைந்து செல்வதுபோல, ஒழுங்கின்றிப் பரவுவது. லேசர் ஒளியோ ஒரே நிறமும், ஒரே திசையும், ஒரே நடையும் உடைய அணிவகுப்பை ஒப்பது. அதனை ஒரு புள்ளியிற் குவித்தால், அங்கே எழும் மின்புலம் பொருளின் அணுக்களையே உலுக்கவல்லது.

அங்ஙனம் உலுக்கும்போது ஒரு புதுமை நிகழ்கின்றது. வீணையின் தந்தியை மெல்ல மீட்டினால் அது தன் சுரத்தைத் தூய்மையாக ஒலிக்கும். அளவுக்கு மீறி இழுத்து விட்டாலோ, மேற்சுரங்களும் வலுத்துக் கலந்து எழும். ஒளியும் அவ்வாறே. மெல்லொளி ஒரு பளிங்கின் வழியே சென்றால், புகுந்த நிறத்தோடே வெளிவரும், ஒளியை இரட்டித்தால் விளைவும் இரட்டிக்கும், அவ்வளவே. வல்லொளி செல்லும்போது இவ்வெளிய கணக்குப் பிறழ்ந்து, புகாத நிறங்களும் பிறக்கும். இதனை ஆராயும் துறைக்கு நேரிலா ஒளியியல் என்று பெயர்.

1961-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராங்கனும் அவர்தம் தோழரும் கெம்பு லேசரின் சிவப்பொளியைப் படிகக்கல்லிற் குவித்து, வெளிவந்ததை நிழற்படத் தகட்டிற் பதிவு செய்தனர். புகுந்தது 694.3 நானோமீட்டர் நீளமுள்ள ஒளி. அதன் பெரும் வெண்தழும்புக்கு அப்பால், சரிபாதியாகிய 347.2 நானோமீட்டரில் ஒரு சிறு புள்ளி தோன்றிற்று. புகுந்த ஒளித்துகள் பத்துக்கோடிக்கு ஒன்றே அவ்வாறு மாறி வந்தது. அப்படத்தை ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பினர். இதழ் அச்சாகி வந்தபோது, புள்ளியைச் சுட்டும் அம்புக்குறி இருந்தது; புள்ளியைக் காணோம்! தகட்டிற் படிந்த தூசு என்றெண்ணி அச்சுப்பணியில் அதனை நீக்கிவிட்டனர் என்பர். ஒரு பெருந்துறையின் பிறப்பை அறிவித்த அக்கட்டுரையில், வெற்றிடத்தைச் சுட்டும் அவ்வம்பை இன்றும் காணலாம்.

மறு ஆண்டே, 1962-இல், உட்பரி, இங் என்னும் இருவர் தம் கெம்பு லேசரின் ஒளியை அளந்தபோது, இருக்கவேண்டாத ஒரு நெடிய அலை அதிற் கலந்திருப்பதைக் கண்டனர். லேசருக்குள் வைத்திருந்த நைட்ரோபென்சீன் திரவமே அதற்குக் காரணம். இராமன் கண்ட விளைவே, வல்லொளியால் தூண்டப்பெற்று, லேசரைப்போல் வீறுகொண்டு எழுந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1928-இல் எஞ்சி நின்றது, 1962-இல் மீண்டும் எஞ்சி நின்று தன்னை அறிவித்தது.

இத்துணையும் கூறியது, யாம் பணிபுரிந்த மேசையின்மேல் நிகழ்வதை விளக்குதற்கே. இக்காலத்து லேசர்களுள் சில, வினாடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள் தோன்றி மறையும் ஒளித்துடிப்பைத் தருவன. அத்துணைக் குறுகிய துடிப்பு ஒரே நிறமாயிருத்தல் இயலாது. நெருங்கிய பல நிறங்கள் அதனுள் கூடியிருக்கும். ஒன்று 375 டெராஹெர்ட்ஸ் எனின், அதன் அண்டையில் 374 டெராஹெர்ட்ஸும் இருக்கும். இரு நாதசுரங்கள் சற்றே வேறுபட்ட சுருதியில் ஒருங்கொலித்தால் இடையே மெல்லிய விம்மலொன்று கேட்குமன்றோ? அதனைப்போலத் துத்தநாக டெல்லுரைடு என்னும் பளிங்கு, அவ்விரு நிறங்களின் வேறுபாடாகிய ஒரு டெராஹெர்ட்ஸைப் பிறப்பிக்கும். மின்சுற்றும் விளக்கும் எட்டாத நிலத்தில் நேரிலா ஒளியியல் இவ்வாறு ஏர் பூட்டிற்று.

பிறந்த அலையை அறிவதற்கும் லேசரே துணை. துடிப்பை இரண்டாகப் பகுத்து, ஒன்றால் அலையை உண்டாக்குவர். மற்றொன்றைச் சற்றுத் தாமதமாக அனுப்பி, அந்நொடியில் அலையின் மின்புலம் எவ்வளவு என்று மற்றொரு பளிங்கிலே கேட்பர். ஒரு கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால், ஒளி போய்வரும் வழி 0.3 மில்லிமீட்டர் நீளும். தாமதம் ஒரு பிக்கோவினாடி, அதாவது வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு, ஆகும். இவ்வாறு கண்ணாடியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, அலையின் மேடு பள்ளங்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வர். வருவது மிகச் சிறிதாகலின், ஒரு துளைச் சக்கரத்தைச் சுழற்றி ஒளிக்குத் தாளம் கற்பித்து, அத்தாளத்தோடு வருவதை மட்டும் கேட்கும் பெருக்கியை வைத்திருப்பர்.

எந்தையார் ஒரு சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். மருத்துவர் எழுதித் தரும் சீட்டின்படி பொடிகளைத் தராசில் நிறுத்து, மடித்த தாளிற் பொட்டலம் கட்டித் தருவது அவர்தம் இளமைக்காலத் தொழில். விடுமுறையில் யாம் ஊர் சென்றபோது ஒரு நாள், "தம்பி, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்கிறாய். அகப்பட்டால் அதைக்கொண்டு என்ன செய்வாய்?" என்று வினவினார். எள்ளலாகவன்று, கடையை மூடும் காலம் நெருங்கியதை அறிந்த ஒருவரின் கவலையோடு வினவினார். மாத்திரையின் மேற்பூச்சு எங்கும் ஒரே கனமாயிருக்கின்றதா என்பதை, அதனை உடையாமலே இக்கதிர் அளந்து கூறும் என்றோம். அவர் முகம் மலர்ந்தது. "மாத்திரையில் மருந்து துளிதான், உடம்பெல்லாம் பாற்சர்க்கரை" என்றார். அந்நாளில் எம் கருவியில் யாம் வைத்து ஆராய்ந்ததும் அப்பாற்சர்க்கரையே.

பாற்சர்க்கரை 0.53 டெராஹெர்ட்ஸில் கதிரை உண்ணும் இயல்பினது. அது புதிய செய்தியன்று. உலகெங்கும் ஆராய்ச்சியாளர் தம் கருவியைச் சரிபார்க்க அதனை உரைகல்லாகக் கொள்வர். எம் கருவியும் அவ்விடத்தில் ஒரு பள்ளத்தைக் காட்டிற்று. காட்டியது ஐப்பசி மாதத்தில், அதுவும் கடற்கரை நகரொன்றில். ஆங்கே தொல்லை தொடங்கிற்று. காற்றிலுள்ள நீராவியும் 0.557 டெராஹெர்ட்ஸில் கதிரை உண்ணும். இரண்டுக்கும் இடையே உள்ளது 0.027 டெராஹெர்ட்ஸ். அவற்றைப் பிரித்தறிய வேண்டுமாயின், அலையை 37 பிக்கோவினாடிக்கு மேலாகத் தொடர்ந்து எழுதவேண்டும். எம் பளிங்கின் கனமோ ஒரு மில்லிமீட்டர்; அதனுள் அலை ஒரு முறை திரும்பி எதிரொலித்து வரும் காலம் ஏறத்தாழ 21 பிக்கோவினாடி. எதிரொலி கலந்தால் கணக்குக் குழம்புமாதலின், அதற்கு முன்னே அலையை வெட்டிவிடுவது பலரது வழக்கம். வெட்டினால் நிறமாலை அழகாயிருக்கும். ஆனால் காணும் பள்ளம் பாற்சர்க்கரையினதா மழைக்காற்றினதா என்பது தெரியாது. பொருளை வைக்குமுன் ஒரு முறையும், வைத்தபின் ஒரு முறையும் அளந்து வகுத்தால் நீராவி நீங்குமே எனலாம். காலையில் ஈரம் ஒன்று, மாலையில் வேறொன்று எனில் அது நீங்காது.

முதன்மைத் துடிப்புக்குப் பின்னே, அலையின் வாலைப்போல், ஒரு மெல்லிய நடுக்கம் தொடர்ந்து வந்தது. நீராவி தான் உண்டதைச் சிறிது சிறிதாகத் திருப்பி உமிழ்வதால் அத்தகைய வால் தோன்றும் என்பதை யாவரும் அறிவர். ஆதலின் அதனை வெட்டுவதில் தவறில்லை என்றே நண்பர் பலரும் கருதினர். எமக்கோ, பொருளை வைத்தபோது வால் சற்றே நீண்டிருந்தது போலத் தோன்றிற்று. ஐயம் தீர ஒரே வழி, கருவி முழுவதையும் பெட்டியால் மூடி, உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்தி, ஈரத்தை ஓட்டி, மீண்டும் அளப்பதே. நைட்ரஜன் உருளையோ தீர்ந்திருந்தது. மழையில் பாதைகள் தடைப்பட்டமையால், புதியது வர மூன்று வாரம் ஆகும் என்றனர்.

எம் உதவித்தொகை அம்மாதத்தோடு முடிவதாயிருந்தது. வேற்றூரில் ஒரு தனியார் நிறுவனம் எமக்குப் பணியளிக்க இசைந்து, அடுத்த மாதம் முதல் நாளில் வந்து சேருமாறு எழுதியிருந்தது. தாமதத்தை அவர்கள் ஏற்கவில்லை. தங்கைக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டவேண்டிய காலம். வாலை வெட்டிய படத்தோடு ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தால், எவரும் வினவார்; பள்ளமும் இருக்கவேண்டிய இடத்திலேதான் இருந்தது. பேராசிரியர் முடிவை எம்மிடமே விட்டனர். இரண்டு இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தன. பின்னர், நிலைமையை எந்தையார்க்கு எழுதினோம். அவர் அனுப்பிய விடை இரண்டே வரி: "தராசு முள் நின்ற பிறகு பொட்டலம் கட்டுவதே முறை. வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்." அவ்வேலையை யாம் இழந்தோம். மாலை வேளைகளில் பள்ளி மாணாக்கர்க்குக் கணக்குக் கற்பித்து ஏழு மாதம் கழித்தோம்.

உருளை வந்தது. பெட்டிக்குள் ஈரம் தணியத் தணிய, வெறுங்காற்றில் எடுத்த அலையின் வால் சுருங்கி மறைந்தது. பாற்சர்க்கரையை வைத்து எடுத்த அலையிலோ வால் முழுதும் மறையவில்லை; மெலிந்தும் எஞ்சி நின்றது. அது பாற்சர்க்கரையின் மூலக்கூறுகளே, துடிப்புக் கடந்து சென்ற பின்னும், 0.53 டெராஹெர்ட்ஸில் அதிர்ந்துகொண்டிருந்த ஓசை. மணியை அடித்த கை விலகிய பின்னும் மணி ஒலிப்பதுபோல. குப்பையென்று வெட்டத் துணிந்த இடத்திலேதான் யாம் தேடிய பொருளின் குரல் இருந்தது. அதனால் உலகம் புதிதாக ஒன்றும் அறிந்துகொள்ளவில்லை. ஆயினும், எம் கருவி சொல்வதை நம்பலாம் என்பதை யாம் அறிந்தோம். அதன்பின் அக்கருவியில் அளந்த ஒவ்வொன்றுக்கும் அம்மூன்று வாரமே அடிப்படையாயிற்று.

இக்கதிரின் பயனைப் பற்றி மிகைபடப் பேசுவாரும் உளர். அது தாளையும் துணியையும் உலர்ந்த மரத்தையும் ஊடுருவும் என்பது மெய்யே. உலோகத்தையோ நீரையோ ஊடுருவாது. மனித உடல் பெரும்பாலும் நீராதலின், தோலின் மேற்புறத்தோடு அது நின்றுவிடும். 2003-இல் கொலம்பியா விண்ணோடம் அழிந்த பின்னர், எரிபொருட் கலத்தின்மேற் பூசிய நுரைக்காப்பில் உட்குறை உண்டா என்று ஆராய அமெரிக்கர் இக்கதிரைக் கையாண்டனர். 2016-இல் மாசசூசெட்ஸ், ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகங்களைச் சார்ந்த ஆராய்ச்சியாளர், எழுத்தெழுதிய தாள்களை அடுக்கி வைத்து, அடுக்கைத் திறவாமலே மேலிருந்து ஒன்பது தாள்களில் உள்ள எழுத்துக்களை அறிந்தனர். தாளுக்கும் தாளுக்கும் இடையே 0.02 மில்லிமீட்டர் அளவே காற்று சிக்கியிருக்கும். அவ்விடைவெளியினின்று திரும்பும் மிக மெல்லிய எதிரொலியே அவர்களுக்கு வழிகாட்டிற்று. போஸ் தம் அலையை ஒழுங்குபடுத்தப் பயன்படுத்திய புத்தகம், நூற்றிருபது ஆண்டு கழியுமுன், அலையாலேயே படிக்கப்படும் பொருளாயிற்று. மூடியதைத் திறவாமற் படிக்கும் ஆற்றல், ஒட்டிக்கொண்ட பழஞ்சுவடிகளுக்கு உதவுமாயின் நன்றே. பிறர் கடிதத்துக்கும் அது நீளுமாயின், அறிவோடு நாணமும் வேண்டப்படும்.

ஈற்றில், இக்கல்லூரியில் இன்று பயிலும் இளைஞர்க்கு ஒரு சொல். சோதனைச் சாலையில் ரிக்கார்டு நோட்டு எழுதும்போது, புத்தகத்திலுள்ள விடையை முன்னே வைத்துக்கொண்டு அளவுகளைப் பின்னே நிரப்பும் வழக்கம் எக்காலத்து மாணாக்கரிடையும் உண்டு. பத்து எண்கள் பொருந்தி, ஒன்று பொருந்தாவிடின், அதனை அடித்துவிட்டுப் பொருந்துவதொன்றை எழுதக் கை துறுதுறுக்கும். அவ்வெண் உங்கள் கண் பிறழ்ந்ததால் வந்ததாயிருக்கலாம். கருவியின் திருகு தளர்ந்ததால் வந்ததாயிருக்கலாம். பெரும்பாலும் அவ்வாறே இருக்கும். ஆயினும், அதனை அழித்துவிட்டால் எது என்று பிறகு கேட்க வழியில்லை. பொருந்தாத அவ்வெண்ணை அவ்வாறே விட்டுவையுங்கள். அதன் அருகில் அன்றைய தேதியையும், வெளியே மழையா வெயிலா என்பதையும் குறித்து வைப்பீராக.